நிறுத்தத் தெரியாத தழும்பு

கேகாலை மாவட்டத்து எட்டியாந்தோட்டையிலிருந்து தெரணியகலைப் பக்கம் போனால் மலைச்சரிவெங்கும் ரப்பர் மரங்கள். ஏதாவதொரு மரத்தின் பட்டையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அதில் பால் வெட்டியவரின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும். நல்ல கை பட்ட மரத்தில், வெட்டிய இடத்துப் பட்டை வழுவழுவென்று திரும்ப வளர்ந்திருக்கும். அவசரத்தில் வெட்டிய மரமோ முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக் கிடக்கும். ஒரு வெட்டுக்குச் சீவ வேண்டிய பட்டை ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மாறிழையம் என்ற மெல்லிய படை இருக்கிறது. புதுப் பட்டையை உண்டாக்குவது அதுதான். கத்தி அதைத் தொட்டுவிட்டால் மரம் அந்த இடத்தில் கணக்கு வழக்கில்லாமல் சதை போடும். சில வருடம் கழித்து அதே பட்டைக்குத் திரும்பி வரும்போது, அந்த முண்டின் மேல் கத்தி ஓடாது.

இந்த மரங்களின் மூதாதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து கம்பஹா ஹெனரத்கொடைக்கு நாற்றுகளாக வந்தவை. வந்த பிறகும் அவற்றிலிருந்து மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் வழி நெடுநாள் பிடிபடவில்லை. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் இருந்த ஹென்றி ரிட்லிதான் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் காட்டிக் கொடுத்தார். புதிது புதிதாக வெட்டிக்கொண்டு போகாமல், ஏற்கனவே பட்ட காயத்தின் ஓரத்தையே திரும்பத் திரும்ப மெல்லிசாகச் சீவினால் பால் பெருகுகிறது. ஆக, கேகாலை ரப்பர் முழுவதும் ஆறவிடாத ஒரு காயத்தின் மேல்தான் நடக்கிறது.

அந்தக் காயத்தைத் திறக்கிறவர்களின் உடம்பிலும் காயங்களுக்குக் குறைவில்லை. பால் வெட்டும் கத்தி, தேயிலை மலையில் கவ்வாத்துக் கத்தி, ரப்பர் பாலை உறைய வைக்கும் போமிக் அசிட், லயத்துக் காம்பிராவின் விறகடுப்பு, மழைக்காலம் முழுக்க அட்டைக்கடி. இவற்றில் பெரும்பாலானவை ஆறி, மங்கி, மறந்து போகின்றன. ஆனால் சிலருக்குச் சில இடங்களில் காயம் ஆறிய பிறகு அந்த இடம் மேலெழும்புகிறது, தடிக்கிறது, அரிக்கிறது, காயம் படாத தோலுக்கும் பரவுகிறது. “தழும்பு வளர்ந்துருச்சு” என்று சொல்லிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகிறார்கள். மருத்துவத்தில் அதற்குக் கீலாய்டு என்று பெயர்.

மரத்தையும் மனிதரையும் ஒரே கணக்கில் வைக்க முடியாத இடம் இதுதான். மரத்து முண்டுக்கு வெட்டியவர் பொறுப்பு. கீலாய்டுக்கோ வெட்டியவரும் பொறுப்பில்லை, வெட்டுப்பட்டவரும் பொறுப்பில்லை. லயத்தில் இதை ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒழுங்காக மருந்து கட்டவில்லை, பச்சை உடம்போடு கிரந்திச் சாப்பாடு சாப்பிட்டாள், தையல் போட்டவர் கை சரியில்லை என்று யாராவது ஒருவர் மேல் பழி விழும். மிகச் சுத்தமாக ஆறிய காயத்திலும் கீலாய்டு வரும். ஒரு பருவிலிருந்தும் வரும். காயம் பட்டதாக நினைவே இல்லாத நெஞ்சிலும் வரும்.

காயம் ஆறுவது என்றால் என்ன நடக்கிறது? முதலில் இரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. பிறகு வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த கலங்களையும் துப்புரவு செய்கின்றன. மூன்றாம் நான்காம் நாளிலிருந்து நார்க் கலங்கள் வேலைக்கு வருகின்றன. அவை கொலாஜன் என்ற புரதத்தை இழை இழையாக நூற்று, பிளவை நிரப்புகின்றன. அவற்றில் ஒரு பகுதி தசைக் கலங்களைப் போலச் சுருங்கி, காயத்தின் இரு கரையையும் பிடித்து இழுக்கத் தொடங்கும். 1971இல் கபியானி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இந்த இழுக்கும் கலங்களை அடையாளம் கண்டார்கள். தீக்காயம் ஆறிய முழங்கை மடங்கிய வாக்கிலேயே நின்றுவிடுவதற்கும் இவைதான் காரணம்.

பிளவு மூடியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. அவசரத்துக்குப் போட்ட இழைகளை உடம்பு பிரித்துப் போட்டு, தடித்த உறுதியான இழைகளால் திரும்பக் கட்டுகிறது. இந்தத் திருத்த வேலை ஒரு வருடத்துக்கு மேலும் நடக்கும். புதுத் தழும்பு சிவந்து தடித்திருப்பதும், போகப் போகத் தட்டையாகி வெளுப்பதும் இதனால்தான். எவ்வளவு நன்றாக ஆறினாலும் தழும்பு பழைய தோலின் வலுவில் 80 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. அதில் முடி முளைக்காது, வியர்வை சுரக்காது.

தழும்பைச் செத்த தோல் என்று நினைக்கிறோம். அப்படியில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1740இல் இங்கிலாந்திலிருந்து ஜோர்ஜ் அன்சன் தலைமையில் உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பல்களில் ஸ்கேர்வி நோய் மாலுமிகளை வாரிக்கொண்டு போனது. அவர்களில் ஒருவர் 1690இல் அயர்லாந்தின் பொயின் ஆற்றுப் போரில் காயம்பட்டவர். ஐம்பது வருடத்துக்கு முன்பு ஆறிப்போன அந்தக் காயங்கள், பட்ட அன்றைக்குப் போலத் திறந்துகொண்டன என்று பயணக் குறிப்பு சொல்கிறது. கொலாஜன் இழைகளை முறுக்கேற்றிக் கட்ட வைட்டமின் சி வேண்டும். கப்பலில் மாதக்கணக்காகப் பழமும் இல்லை, கீரையும் இல்லை. தழும்பில் பழைய இழை கரைவதும் புது இழை போடுவதும் ஆயுள் முழுக்க நடக்கிறது. போடுவது நின்று கரைவது மட்டும் நடந்தால் ஐம்பது வருடத் தழும்பும் வாயைத் திறக்கும்.

கீலாய்டில் நடப்பது இதற்கு நேர்மாறு. கரைப்பது மெதுவாகவும் போடுவது வேகமாகவும் நடக்கிறது. சாதாரணத் தோலோடு ஒப்பிட்டால் கீலாய்டில் கொலாஜன் உற்பத்தி சுமார் 20 மடங்கு. காயம் மூடியாயிற்று, வேலையை நிறுத்து என்ற செய்தி நார்க் கலங்களின் காதில் ஏறுவதில்லை. அழற்சியும் தணியாமல் உள்ளே புகைந்துகொண்டே இருக்கிறது. அந்த அரிப்பும் குத்தலும் அதனால்தான். இரவில் தூக்கம் கெடுமளவுக்கு அரிக்கும். பார்க்கிறவர்களுக்கு அழகுப் பிரச்சினை, உள்ளவர்களுக்கு அரிப்புப் பிரச்சினை. கிளினிக்கில் எதைச் சொல்ல மறந்தாலும் அரிப்பைச் சொல்ல மறக்காதீர்கள்.

தடித்த தழும்பெல்லாம் கீலாய்டு ஆகிவிடாது. தழும்பு தடித்திருந்தும் காயத்தின் எல்லைக்குள்ளேயே நின்றால் அது மிகைத் தழும்பு. காயம் ஆறி ஒன்றிரண்டு மாதத்துக்குள் எழும்பி, ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே அமுங்கக் கூடியது. கீலாய்டு வேலி தாண்டி மேயும். காயம் ஆறிப் பல மாதம் கழித்துக்கூடத் தொடங்கும். தானாக அமுங்காது. பெரும்பாலும் பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடையில் வரும். கறுத்த, மாநிறத் தோல்காரர்களுக்குக் கூடுதல். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வர வாய்ப்புண்டு. 2010இல் ஜப்பானிய ஆய்வொன்று கீலாய்டோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் சிலவற்றைச் சுட்டியது. ஒரே ஒரு மரபணுவின் குற்றமென்று இதுவரை எவரும் சொல்லவில்லை.

பாரிஸில் தோல் நோய்களை வகை பிரித்த அலிபேர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விவரித்தபோது, முதலில் புற்றுநோயை நினைவூட்டும் பெயர்தான் வைத்தார். பிறகு தாமே அதை மாற்றிக்கொண்டார். பெயர் மாறி 200 வருடமாகிறது, பயம் இன்னும் போகவில்லை. கீலாய்டு புற்றுநோய் இல்லை, வேறு உறுப்புக்குப் பரவாது, இன்னொருவருக்குத் தொற்றாது.

வரும் இடங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நெஞ்சின் நடு, தோள், மேல்முதுகு, தாடை, காது மடல். கண்ணிமையில் வருவது அபூர்வம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அபூர்வம். மாரியம்மன் திருவிழாவில் நாக்கிலும் கன்னத்திலும் அலகு குத்திக்கொண்டவர்களைப் பாருங்கள். நாக்குக் காயமும் கன்னத்தின் உட்பக்கத்துக் காயமும் சில நாளில் சுவடு தெரியாமல் ஆறிவிடும். பக்தர்கள் அதை அம்மாளின் அருள் என்பார்கள். நான் அந்த வழக்குக்குப் போகவில்லை. வாயின் உட்தோல் வெளித்தோலைவிட வேகமாகவும், அழற்சி குறைவாகவும், தழும்பு குறைவாகவும் ஆறுகிறது என்பது மட்டும் ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை. கருவிலிருக்கும் சிசு இதையும் மிஞ்சும். ஏறத்தாழ ஆறாம் மாதம் வரை அதன் தோலில் காயம் பட்டால் தழும்பே இல்லாமல் ஆறும். அந்த வித்தை நம் எல்லோருக்கும் ஒருகாலத்தில் தெரிந்திருந்தது!

ஏன் நெஞ்சு, ஏன் தோள்? ஜப்பானிய மருத்துவர் ரேய் ஒகாவா இதற்குச் சொல்லும் விடை, இழுப்பு. கையை ஆட்டும்போதெல்லாம் நெஞ்சுத் தோல் பக்கவாட்டில் இழுபடுகிறது. நெஞ்சுக் கீலாய்டும் இழுக்கும் திசையிலேயே, இடமும் வலமுமாக நண்டுக் கால்போல நீளுகிறது. இமைத் தோல் தொளதொளப்பானது, இழுப்பு இல்லை, கீலாய்டும் அபூர்வம். கலங்களுக்குத் தொடுவுணர்வு உண்டு. தங்களை எவ்வளவு பலமாக இழுக்கிறார்கள் என்பதை உணர்ந்து, இழுப்புக்கு ஏற்றபடி நார் போடுகின்றன. 2021இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள், கண் நோயொன்றுக்கு வழக்கத்தில் உள்ள வெர்ட்டிபோர்ஃபின் மருந்தால் இந்த உணர்வைத் தடுத்தார்கள். எலிகளின் காயம் முடியும் சுரப்பிகளுமாகத் தழும்பில்லாமல் ஆறியது. எலித் தோலுக்கும் மனிதத் தோலுக்கும் தூரம் அதிகம், அதனால் மருந்துக் கடையில் தேட வேண்டாம். ஆனால் வழி எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

இழுப்புதான் காரணம் என்றால், விடிந்ததிலிருந்து இரண்டு கையும் ஓயாமல் கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணின் நெஞ்சிலும் தோளிலும் உள்ள புதுத் தழும்பு என்ன பாடுபடும்? இதை யாரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை, என் யோசனைதான். தையல் பிரித்த மறுநாளே மலைக்குப் போக வேண்டியவர்களுக்கு, தழும்பின் மேல் இழுப்பைத் தாங்கும் ஒட்டுப் பட்டையை ஒன்றிரண்டு மாதம் ஒட்டிக்கொள்ளச் சொல்வது செலவு குறைந்த முன்யோசனை.

இந்த விடைக்குள் அடங்காத இடம் ஒன்று மிச்சமிருக்கிறது, காது மடல். அங்கே ஒரு இழுப்பும் இல்லை. ஆனாலும் தோடு போட்ட துளையில் முதலில் பயறளவு கட்டியாகத் தொடங்கி, கோலிக்குண்டு அளவுக்குத் தொங்கும் கீலாய்டு எல்லாத் தோல் கிளினிக்கிலும் பார்க்கக் கூடியது. மலிவுத் தோட்டிலுள்ள நிக்கலின் ஒவ்வாமை, துளையில் ஏறும் கிருமி, திரும்பத் திரும்பக் குத்துவது எல்லாவற்றின் மேலும் சந்தேகம் இருக்கிறது. வயதுக்கும் பங்குண்டு போலிருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், 11 வயதுக்கு மேல் காது குத்திக்கொண்டவர்களிடம் கீலாய்டு கூடுதலாக இருந்தது. சின்னக் குழந்தைக்கே காது குத்தும் நம் வழக்கத்துக்கு எதிர்பாராத ஆதரவு. சுசுருத சங்கிதை ஆறாம் ஏழாம் மாதத்தில் காது குத்தச் சொல்கிறது, கிழிந்த மடலை ஒட்ட 15 முறைகளையும் தருகிறது. குடும்பத்தில் கீலாய்டு இருந்தால், வயது வந்த பிள்ளைக்கு இரண்டாவது மூன்றாவது துளை போடுவதை நான் தடுப்பேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இன்னொரு துளை எல்லோருக்கும் உண்டு. இலங்கையில் பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரியை விட்டுப் போகுமுன் இடது மேற்கையில் காசநோயைத் தடுக்கும் பிசிஜி ஊசி போடுகிறார்கள். தடுப்பூசி பிடித்ததா என்று பார்க்கும் அடையாளமே அந்தத் தழும்புதான். தழும்பு உண்டாகவில்லை என்றால் ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பப் போடலாம். தோள் கீலாய்டுக்குப் பேர்போன இடம் என்பதால் எப்போதாவது அங்கும் வரும். அதற்குப் பயந்து ஊசியை மறுக்க வேண்டாம். குழந்தையின் மூளையைத் தாக்கும் காசநோய்க்கு முன்னால் ஒரு தழும்பு பெரிய விஷயமே இல்லை.

இனி வைத்தியம். கீலாய்டைக் கண்டவுடன் வருகிற யோசனை, வெட்டி எடுத்துவிட்டால் என்ன என்பதுதான். வெட்டுவது இன்னொரு காயம். காயம்தான் கீலாய்டுக்குத் தீனி. வெட்டியதோடு விட்டுவிட்டால் 45 முதல் 100 சதவீதம் வரை திரும்ப வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள். வந்தால் பழையதைவிடப் பெரிதாக வரலாம். கீலாய்டு வைத்தியத்தில் கத்தி உண்டு, ஆனால் தனியாக இல்லை. லயத்தில் சிலர் சுண்ணாம்பு தடவியும் நூல் கட்டியும் தாங்களே அறுத்துவிடப் பார்க்கிறார்கள். இதுவும் அதே தவறு, கூடவே புண்ணும் சீழும்.

முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஊசிதான். ட்ரையம்சினொலோன் என்ற ஸ்டீரோயிட் மருந்தை மில்லிலீற்றருக்கு 10 முதல் 40 மில்லிகிராம் வரை கலந்து, நேராகத் தழும்புக்குள் போடுவார்கள். கேட்க எளிது. பழைய கீலாய்டு இறுகிப்போன நார்க்கட்டி. ஊசி உள்ளே போனாலும் மருந்து போகாது. டொக்டரின் கட்டைவிரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்த வேண்டியிருக்கும். ஊசியும் சிரிஞ்சும் கழன்று மருந்து முகத்தில் பீச்சியடிப்பதும் உண்டு, அதனால் திருகிப் பூட்டும் சிரிஞ்சை எடுப்பார்கள். மருந்து சரியான இடத்தில் இறங்கினால் தழும்பு ஒரு கணம் வெளிறும். கீழே கொழுப்புக்குள் போய்விட்டால் தழும்பு அப்படியே இருக்க, பக்கத்துத் தோல் குழி விழும். வலிக்கும், மரக்கும் மருந்து கலந்தாலும் வலிக்கும். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். ஊசி அழற்சியைத் தணிக்கிறது, நார்க் கலங்களை அடக்குகிறது, கொலாஜனைக் கரைக்கும் பக்கத்துக்குக் கை கொடுக்கிறது. முதலில் அடங்குவது அரிப்பு. தட்டையாவது பிறகுதான், மெல்ல மெல்ல. அரிப்பு போனதும் கிளினிக்கை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். தழும்பு திரும்பத் தலைதூக்குவதும் அவர்களுக்குத்தான்.

ஊசிக்கு மசியாததற்கு 5-ஃபுளூரோயூராசில் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். இது 1950களிலிருந்து புற்றுநோய்க்குப் பயன்படுவது. இங்கே கொஞ்சமே கொஞ்சம், தழும்புக்குள் மட்டும். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. மருந்தின் பெயரைக் கேட்டுப் புற்றுநோய் என்று வீட்டில் ஒப்பாரி வைக்கத் தேவையில்லை.

குளிரால் உறைய வைப்பதும் உண்டு. மறை 196 பாகை செல்சியசில் இருக்கும் திரவ நைதரசனைத் தழும்பின் மேல் பீச்சினால் கலங்கள் உறைந்து சாகும். காதுக் கீலாய்டு போன்ற சின்னக் கட்டிக்கு நல்லது, இறுகிய கட்டியை இளக்கி ஊசி இறங்கவும் வழிவிடும். ஆனால் தோலுக்கு நிறம் கொடுக்கும் கலங்கள் மற்றவற்றைவிடக் குளிருக்குச் சீக்கிரம் சாகின்றன. நம்மைப் போன்ற நிறக்காரர்களுக்கு, கட்டி போன இடத்தில் வெள்ளைத் திட்டு மிஞ்சலாம். முகத்தில் என்றால் எது மேல் என்று முன்பே கேட்டு முடிவெடுங்கள். லேசரும் இப்படித்தான். சிவப்பையும் அரிப்பையும் குறைக்கும், ஊசியோடு சேர்ந்தால் பலன் கூடும். ஒரே தடவையில் லேசரால் கீலாய்டை அழிக்கிறோம் என்ற விளம்பரத்தைக் கண்டால் பணப்பையைப் பொத்திக்கொள்ளுங்கள்.

சிலிக்கோன் தகட்டின் கதை எனக்குப் பிடித்தமானது. 1980களின் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் தீக்காயக் குழந்தைகளுக்கு இறுக்கு உடுப்பு போட்டார்கள். உடுப்பு சரியாகப் படியாத பள்ளங்களில் அழுத்தம் விழ, அடியில் மெத்தென்ற சிலிக்கோன் தகட்டை வைத்துப் பார்த்தார்கள். அழுத்தமே இல்லாமல் தகடு மட்டும் பட்ட இடத்திலும் தழும்பு இளகியது. தகட்டிலிருந்து எந்த மருந்தும் தோலுக்குள் போவதில்லை. மேல்தோலின் ஈரம் ஆவியாகாமல் காப்பதால், கீழேயுள்ள நார்க் கலங்களின் வேகம் தணிகிறது என்பதே இன்றைய விளக்கம். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது ஒட்டியிருக்க வேண்டும். முற்றிய கீலாய்டுக்கு இது போதாது. புதுத் தழும்பு தடிக்காமல் காக்கும். பெயரில் ரப்பர் வாடை அடித்தாலும் நம் மரத்துப் பாலுக்கும் இதற்கும் உறவில்லை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அந்தப் புழுக்கத்தில் வியர்த்து வேலை செய்கிறவர் உடம்பில் தகடு நிற்காது, வழுக்கி விழும், அடியில் வேர்க்குரு பொரியும். பகலில் பூசிக் காயவிடும் சிலிக்கோன் களிம்பு, இரவில் தகடு என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். வெங்காயச் சாற்றுக் களிம்புக்கும் வைட்டமின் ஈ எண்ணெய்க்கும் இவ்வளவு ஆதாரம்கூட இல்லை. வைட்டமின் ஈ சிலருக்கு ஒவ்வாமையையே கொடுக்கிறது.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், வெட்டிய பிறகு திரும்ப வராமல் காவல் வைக்க வேண்டும். காது மடலுக்கு அழுத்தும் தோடு இருக்கிறது, கிளிப்புப் போல இரு பக்கமும் கவ்வி மாதக்கணக்காக அழுத்திக்கொண்டிருக்கும். மற்ற இடங்களுக்கு ஊசியைத் தொடர்வார்கள். கடுமையானதற்குக் கதிர்ச்சிகிச்சை. 1906இலேயே பாரிஸில் கீலாய்டுக்கு எக்ஸ்கதிர் கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டிய ஓரிரு நாளுக்குள், நார்க் கலங்கள் பெருகத் தொடங்குமுன் கதிரைக் கொடுத்தால், திரும்ப வருவது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது. பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதில்லை. இரத்தினபுரி, கேகாலைக்காரர்களுக்குக் கதிர் என்றால் பெரும்பாலும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை. நாடே அதைக் கென்சர் ஆஸ்பத்திரி என்று அறியும். ஏன் அங்கே அனுப்புகிறோம் என்பதை நோயாளிக்கு அவர் மொழியில் இரண்டு வரி சொல்லாமல் கடிதத்தை மட்டும் கொடுத்தனுப்பினால், அவர் போகப் போவதில்லை.

தீக்காயத் தழும்பு தனிக் கதை. மின்சாரம் வருவதற்கு முந்திய லயங்களில் விளக்கென்றால் குப்பி விளக்கு, கண்ணாடிப் போத்தலில் மண்ணெண்ணெய், மூடியைத் துளைத்து ஒரு திரி. பூனை தட்டினாலும் கவிழும், கவிழ்ந்தால் உருளும், உருண்டால் எண்ணெயும் நெருப்பும் சேர்ந்து பாயில் ஓடும். இப்படி எரிந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, காயத்துக்கு மருந்து தேடியதோடு விளக்கையும் திருத்தினார். மார்மைட் போத்தலைப் போலக் குட்டையாக, கனமாக, தட்டையான பக்கங்களோடு, திருகு மூடி போட்ட விளக்கு. தட்டினால் எளிதில் கவிழாது, கவிழ்ந்தாலும் உருளாது, எண்ணெய் கொட்டாது. ‘சுதீப’ என்று பெயர். 1998இல் அதற்காக அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இந்த நாட்டில் தழும்புகளைக் குறைத்தவர்கள் என்று பட்டியல் போட்டால் அவர் பெயரை முதலில் எழுதுவேன்.

தீப்பட்டால் உடனே இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிப்பது பின்னாளில் வரும் தழும்பின் அளவையும் குறைக்கிறது. பற்பசை பூசினால் சூடு உள்ளேயே நிற்கும். தேயிலைக்கும் இதில் ஒரு பழைய சம்பந்தம் உண்டு. 1925இல் அமெரிக்காவின் டெட்ரோயிட்டில் எட்வர்ட் டேவிட்சன் என்பவர் தீக்காயத்துக்கு டானிக் அமிலக் கரைசலைக் கொண்டுவந்தார். தேயிலைச் சாயத்தைத் துவர்க்க வைப்பதும் டானின் குடும்பம்தான். காயத்தின் மேல் தோல் பதனிட்டதுபோலக் கெட்டியான பொருக்கு கட்டும், நீர் வடிவது நிற்கும். உலகமே ஏற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் எரிந்த விமானிகளின் கைகளில் அந்தப் பொருக்கு இறுகி, விரல்கள் சுருண்டு நின்றன. பிரித்தானியாவில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஆர்ச்சிபால்ட் மெக்கிண்டோ கடுமையாக எதிர்த்தார். ஈரலுக்கும் கேடு என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார்கள்.

தீக்காயம் மூன்று வாரத்துக்குமேல் ஆறாமல் இழுத்தால் தடித்த தழும்பு வர வாய்ப்பு மிக அதிகம். பெரிய காயத்துக்குச் சீக்கிரமே தோல் ஒட்டுவது அதனால்தான். கழுத்து, அக்குள், முழங்கை, விரல் என்று மடங்கும் இடங்களில் பட்டால், வலி தெரியாதபடி மடக்கி வைக்கத்தான் மனம் சொல்லும். மடக்கி வைத்தால் அப்படியே இறுகிவிடும். கழுத்தில் பட்டவருக்குத் தலையணையை எடுத்துவிட வேண்டும். கையை நீட்டிய வாக்கில் சிம்பு கட்ட வேண்டும். பிறகு இறுக்கு உடுப்பு, நாளுக்கு 23 மணி நேரம், மாதக்கணக்காக. இறுகிய பிறகு வருகிறவர்களுக்கு, தழும்பை இசட் எழுத்து வடிவில் வெட்டி இழுப்பின் திசையை மாற்றலாம், அல்லது அறுத்து விரித்துப் புதுத் தோல் ஒட்டலாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தீக்காயப் பிரிவும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவும் இதைச் செய்கின்றன, இலவசமாக.

இலவசம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். மருந்துக்குக் காசில்லை, நாளுக்குக் காசு உண்டு. ஒரு கீலாய்டுக்கு நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று ஊசி தொடரும்போது வருடத்துக்கு எட்டு முதல் பதின்மூன்று நாள் வரை கிளினிக்கில் போகும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளருக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஒரு தடவை கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு, பஸ் காசு தனி. மூன்றாவது ஊசியோடு நின்றுவிடுகிறவரைப் பொறுப்பில்லாதவர் என்று எழுதும் மருத்துவக் குறிப்புகளை நான் ஏற்பதில்லை. இந்த ஊசிக்குச் சத்திரசிகிச்சைக் கூடம் வேண்டாம், ஒரு மேசையும் பழகிய கையும் போதும். இரத்தினபுரி, கேகாலை போதனா வைத்தியசாலைகளில் தோல் கிளினிக் இருக்கிறது. கொழும்பில் தொடங்கியதை அங்கே மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். பலருக்கு அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது.

டொக்டர் அடிக்கடி மாறுவார். சிங்களத்தில் கேட்டதற்குத் தமிழில் யோசித்துப் பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிடும். எனவே முதல் நாளே தழும்பின் நீளம், அகலம், போட்ட மருந்தின் பெயர், அளவு எல்லாவற்றையும் கிளினிக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் முதல் நாள் இரவு, தழும்புக்குப் பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து, ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்தில் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குற்றியின் அளவு மாறாது. தழும்பு சுருங்குகிறதா வளர்கிறதா என்பதைப் புது டொக்டரும் படங்களைத் தள்ளிப் பார்த்தே புரிந்துகொள்வார்.